சௌந்திரபாண்டி ஹார்ட் டிஸ்குக்குள் இருந்த காலம்

எட்டு வகையறாத் தெருவைச் சேர்ந்த சௌந்திரபாண்டி ஹார்ட் டிஸ்குக்குள் போய் மாட்டிக்கொண்டது ஆடி மாதத்தில் ஒரு முற்பகலில், தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரத்தில், குடத்தோடு நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது; ஆகவே அது நடந்ததா இல்லையா என்று யாரும் என்னிடம் வாதாட வர வேண்டாம். நான் அடுத்த தெருக்காரன். அந்தத் தெருவில் நான் பெண் எடுத்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை. அதனால் என்னை நம்பலாம், ஆனால் நான் சொன்னதாக அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

அந்தத் தெருவில் ஒரு வீட்டில் கறிக்குழம்பு கொதித்தால் பக்கத்து வீட்டில் கோழியை எண்ணிப் பார்ப்பார்கள், எதிர்வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் தன்னைப் பற்றித்தான் என்று சன்னலைச் சாத்துவார்கள், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவன் எதற்கு வந்தான் என்று அவன் போய் வெகுநேரம் கழித்தும் பேசிக்கொண்டிருப்பார்கள். எட்டு வகையறாவும் சேர்ந்து கும்பிடும் காளியம்மனுக்கு ஒரு நகைப்பெட்டி உண்டு. அதற்கு எட்டுப் பூட்டு, வகையறாவுக்கு ஒரு சாவி. பங்குனிப் பொங்கலுக்கு எட்டுப் பேரும் சாவியோடு வந்து வரிசையாக நின்று, ஒருவர் திறப்பதை மற்ற ஏழு பேரும் கண்கொட்டாமல் பார்த்து, எட்டாவது பூட்டும் திறந்த பிறகுதான் அம்மன் கழுத்துக்குக் காசுமாலை வரும். ஒருத்தர் காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்த வருஷம் அம்மனுக்கு வெறுங்கழுத்துதான். பரம்பரை பரம்பரையாக அவர்களுக்குத் தெரிந்த பூட்டு அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட தெருவில், ஓய்வு பெற்ற நல்லதம்பி வாத்தியார் வீட்டுச் செம்பருத்தியை யாரோ பறித்துக்கொண்டு போகிறார்கள் என்று புகார் வந்து, புகார் கூட்டமாகி, கூட்டம் சண்டையாகி, கடைசியில் தெருமுனையில் ஒரு கேமரா வைப்பது என்று முடிவானது. யாராவது அதைத் தன் வீட்டுக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவார்கள் என்று ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டதால், ஏணிக்கும் எட்டாத உயரத்தில், கம்பத்தின் உச்சியில், கிரேன் கொண்டுவந்து மாட்டினார்கள். பதிவாவதெல்லாம் தெருச் சங்கத்து அறையில் இருந்த கம்ப்யூட்டர் வழியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் போய்ச் சேர்ந்தது. அதை யாரும் தனியாகப் பார்க்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். சேர்ந்து பார்க்கலாம் என்றால் அதற்கு ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. இப்படியே இரண்டு வருஷம் தெரு முழுக்க டிஸ்குக்குள் சேர்ந்துகொண்டே இருந்தது, செம்பருத்தியும் காணாமல் போய்க்கொண்டே இருந்தது.

டிஸ்குக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று முதலில் சொன்னவர் சங்கச் செயலாளர் குருநாதன். வெற்றிலைப் பெட்டி அளவுதான் இருக்கிறது, மடியில் கட்டிக்கொண்டு போய் எவனாவது தன் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி. எல்லோருக்கும் அதே பயம் இருந்ததால், அந்தத் தெரு வரலாற்றில் இல்லாத வழக்கமாக எட்டு வகையறாவும் ஒரே கூட்டத்தில் சம்மதித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ரெஜினாவைக் கூட்டி வந்தார்கள்.

ரெஜினா முதலில் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினாள். “இதுக்கு முதலாளின்னு யாரும் கிடையாதுங்க. சும்மாவே கிடைக்கும்” என்றாள்.

“முதலாளி இல்லாத கடையில எவன்மா சும்மா சாமான் கொடுப்பான்?” என்றார் குருநாதன். “உள்ள என்னத்தையாவது ஒளிச்சு வச்சிருப்பான்.”

“உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா பிரிச்சுப் பார்க்கலாம் அண்ணாச்சி. உலகம் பூரா ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் சந்தேகப்பட்டுச் சோதிச்சுக்கிட்டேதான் இருக்காங்க.”

இது வாத்தியாருக்குப் பிடித்துப்போயிற்று. நம்ம தெரு மாதிரிதான் இருக்கு, நல்ல சரக்கு என்று அவர் சொன்னதும் மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

டிஸ்கில் இருந்ததையெல்லாம் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, அதைப் பூட்டுக்குத் தயார் செய்ய ரெஜினா கட்டளை கொடுத்தாள். இதிலிருக்கும் எல்லாம் அழிந்துவிடும், நிச்சயம்தானா, நிச்சயமென்றால் பெரிய எழுத்தில் ஆமாம் என்று அடி என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. குருநாதன் அதை எழுத்துக் கூட்டிப் படித்து நன்றாக மனதில் வைத்துக்கொண்டார். பிறகு ரெஜினா, “மொத்தம் எட்டு பாஸ்வேர்டு வச்சுக்கலாம், ஆளுக்கு ஒண்ணு. அதுல எந்த...” என்று ஆரம்பித்தாள். “தெரியும்மா, எட்டுப் பூட்டு. எங்களுக்குப் பூட்டைப் பத்திப் பாடம் எடுக்காத” என்று அவர் மடக்கினார். அவளுக்குக் கடையில் வேலை கிடந்தது, வாயை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதுபோல், கீபோர்டின்மேல் துண்டை விரித்து அதற்குள் கையை விட்டுத் தடவித் தடவி அடித்தார்கள். அடிப்பது திரையில் தெரியாது, ஒரு புள்ளிகூட வராது, அப்படியே அடித்துக்கொண்டு போங்கள் என்று ரெஜினா சொல்லியும், நம்முடையதை மட்டும் இந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளவில்லையோ என்று ஒவ்வொருவரும் சந்தேகப்பட்டார்கள். எட்டாவது வகையறாவுக்கு சௌந்திரபாண்டிதான் தலைக்கட்டு. வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர். அன்றைக்கும் தோளில் சிலிண்டரோடு வந்து வாசலில் நின்று, “மயிலு, நீயே போய் ஏதாவது அடிச்சிட்டு வா, எனக்கு அடுத்த வீட்டுக்குப் போகணும்” என்று மனைவி அன்னமயிலிடம் சொல்லிவிட்டுக் குழாயடிப் பக்கம் போனார். அவள் முந்தானைக்குள் கையை வைத்து ஒற்றை விரலால் அடித்தாள். என்ன அடித்தாள் என்று இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை, நானும் கேட்டுப் பார்த்தேன், முறைத்தாள்.

அதன்பிறகு பழைய படங்களையும் அந்த நிமிஷம் வரைக்கும் பதிவான படங்களையும் டிஸ்கில் திரும்ப ஏற்றி, மூடு என்று ரெஜினா கட்டளை கொடுத்தாள். அது மூடிக்கொண்ட அதே நொடியில், கேமராவுக்கு நேர் கீழே குழாயடியில் நின்றிருந்த சௌந்திரபாண்டி அங்கே இல்லை. அவர் தோளில் இருந்த சிலிண்டர் கீழே விழுந்து உருண்டு சாக்கடை ஓரத்தில் போய் நின்றது. சங்கத்து அறையில் டிஸ்குக்குள்ளிருந்து அவருடைய இருமல் கேட்டது.

அந்த இருமலை அடையாளம் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. அன்னமயில் ஓடிவந்து டிஸ்கைக் கட்டிக்கொண்டு அழுதாள், ரெஜினாவை நோக்கி மண்ணை வாரித் தூற்றினாள், உடனே திறடி என்றாள். எட்டுப் பேர் பாஸ்வேர்டும் வேண்டுமே என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். இது சூனியக்காரி வேலை என்று வேறு யாரோ சொன்னார்கள். ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் ஒரு குடம் அவள் தலையைத் தாண்டிப் போனது. அவள் தப்பித்தால் போதுமென்று ஓடியவள்தான், அந்த மாதமே கடையைக் காலி செய்துகொண்டு கோவில்பட்டிக்குப் போய்விட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். டிஸ்கில் காதை வைத்துக் கேட்டார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இருமல் பதில் சொன்னது. ஆள் இருக்கிற இடம் தெரிகிறது, உயிரோடும் இருக்கிறார், பிறகு காணாமல் போனதாக எப்படி வழக்குப் போடுவது என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். கேஸ் கம்பெனியில் சௌந்திரபாண்டிக்கு விடுப்புப் போட்டுக் கொடுத்தார்கள். ரேஷன் கடையில் கட்டைவிரல் ரேகை கேட்டதற்கு, விரல் டிஸ்கில் இருக்கிறது என்று அன்னமயில் சொல்ல, அப்படியானால் உங்கள் விரலையே வையுங்கள் என்று அரிசியைப் போட்டார்கள். அவள் காலையில் காப்பியும் மத்தியானம் சோறும் கொண்டுவந்து டிஸ்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள், திரும்பி வரும்போது தம்ளர் காலியாக இருக்கும், மீன் முள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். டிஸ்கைத் தன் வீட்டுக்கே எடுத்துப் போகலாம் என்று தூக்கிப் பார்த்தாள், ஓர் ஆள் கனம் கனத்தது. தெருக்காரர்களுக்கும் பழகிவிட்டது. அறையைக் கடக்கும்போது, மாமா சாப்பிட்டாச்சா என்று குரல் கொடுப்பார்கள், ஒரு இருமல் வந்தால் ஆயிற்று என்று அர்த்தம். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அறை வாசலில் விழுந்து கும்பிட்டு ஆசீர்வாதம்கூட வாங்கிக்கொண்டு போனது.

இதையெல்லாம் கெடுத்தது நல்லதம்பி வாத்தியாரின் மூளைதான். ஒருநாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏம்ப்பா, ரெண்டு வருஷத் தெரு அதுக்குள்ள இருக்கு. இவன் அங்க சும்மாவா உட்கார்ந்திருப்பான்? பொழுது போகாம எல்லாத்தையும் ஒண்ணு விடாம பார்த்திருப்பானே” என்றார்.

அன்று மாலையிலிருந்து யாரும் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. செத்த எலியை அடுத்த வீட்டு வாசலில் தள்ளியவர், கோயில் வாசலில் தன் பழைய செருப்பை விட்டுவிட்டுப் புதுச் செருப்பில் வந்தவர், பங்காளி மேல் மொட்டைக் கடிதம் எழுதித் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டவர், உரக்கடைக்காரர் ஊரில் இல்லாத நாட்களில் அந்த வீட்டுப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு நடந்தவர் என்று ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். நல்லதம்பி வாத்தியாரே தன் பூக்கூடையைப் பரணில் ஒளித்து வைத்தார், ஏனென்றால் தன் செம்பருத்தியைப் போல ஊரார் வீட்டு நந்தியாவட்டையும் காணாமல் போவது எப்படி என்று அவருக்குத் தெரியும். புருஷன் மனைவியைப் பார்த்தான், மனைவி புருஷனைப் பார்த்தாள், இருவரும் டிஸ்க் இருந்த திசையைப் பார்த்தார்கள். கம்பத்தைக் கடக்கும்போது எல்லோரும் தேவையில்லாமல் சிரித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்கள். உள்ளே இருமல் கேட்டால், இது எதற்காக இருமுகிறான், யாரைப் பார்த்து இருமுகிறான் என்று விவாதம் நடந்தது.

அன்னமயில் சங்கக் கூட்டம் கேட்டாள். கூட்டம் போட்டார்கள், ஒருவர் வரவில்லை. மறுபடி போட்டார்கள், வராதவர் வந்தார், வந்தவர்களில் ஒருவர் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றார். அடுத்த கூட்டத்தில் இன்னொருவருக்கு மறந்தது. சொத்துத் தகராறில் கொள்ளுத்தாத்தா சொன்ன வார்த்தையை அட்சரம் பிசகாமல் சொல்கிறவர்களுக்கெல்லாம் தாங்களே வைத்த ஒரு வார்த்தை மறந்துபோயிற்று. அவள் வீடு வீடாகப் போனாள். காலில் விழுந்தாள். “உங்க தங்கச்சி மாதிரி நினைச்சுக்கோங்க அண்ணாச்சி, அவருக்கு மழை ஆரம்பிச்சா இழுப்பு வந்துரும்” என்று குருநாதன் வீட்டு வாசலில் நின்று அழுதாள்.

“எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? எட்டும் சேரணுமே” என்றார் குருநாதன்.

“என்னுது எனக்கு ஞாபகம் இருக்கு. நான் முதல்ல போட்டு வைக்கவா? மத்தவங்க மெதுவா ஞாபகம் வந்து போடட்டும்.”

“ஐயையோ, கையை வச்சிராத! அன்னைக்கு என் கண்ணால படிச்சேன், எல்லாம் அழிஞ்சிரும்னு அதுவே சொல்லுச்சு. ஒத்தை ஆளா பாஸ்வேர்டை அடிச்சே, உள்ள இருக்கிற உன் புருசனும் சேர்ந்து அழிஞ்சிருவான். பார்த்துக்கோ.”

அவள் கையை வைக்கவில்லை. தினமும் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, தன் விரலைத் தானே சந்தேகப்பட்டு முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐப்பசி மழையில் இருமல் இழுப்பாக மாறியது. மார்கழிப் பனியில் சோறு பாதி தட்டிலேயே மிஞ்சியது. டிஸ்கைத் தூக்கிப் பார்த்தாள், முன்னைவிட லேசாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் தை பிறந்ததும் அவள் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினாள்.

ரெஜினா அவளைக் கண்டதும் எழுந்து பின்வாங்கினாள். அன்னமயில் கையிரண்டையும் விரித்துக் காட்டினாள், மண் இல்லை. “தாயி, நான் உனக்கு அன்னைக்குச் செஞ்சது தப்பு. ஏழு பேரும் மறந்துட்டாங்க. மறந்தவங்களுக்குப் புதுசா ஏதாவது வழி இருக்கா?”

“யார் மறந்தா என்னக்கா? உங்களோடது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்புறம் ஏழு எதுக்கு? ஒண்ணு போதும். எட்டுல எதைப் போட்டாலும் திறக்கும். வீட்டுக்கு ஒரு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவின்னு சொல்லுவோமே, அந்த மாதிரி. அதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன், சொல்லவா விட்டாங்க?”

அன்னமயிலுக்குக் கடை சுற்றியது. ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தாள். “அழிஞ்சிராதா?”

“அது பூட்டுத் தயார் பண்ணும்போது ஒரே ஒரு தடவை வர்ற கேள்விக்கா. திறக்கும்போது ஒண்ணும் அழியாது. தப்பா அடிச்சாக்கூட இது இல்லைன்னு சொல்லி மறுபடி கேட்கும், அவ்வளவுதான்.” திரையில் எந்தச் சின்னப் படத்தைத் தொட வேண்டும், எந்தக் கட்டத்தில் அடிக்க வேண்டும் என்று ரெஜினா தன் கம்ப்யூட்டரில் காட்டிக் கொடுத்தாள். அன்னமயில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்ப பஸ் ஏறினாள். வழி நெடுக அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆடியிலிருந்து தை வரைக்கும் அடுத்தவர் காலில் விழுந்து கேட்டது தன் கையிலேயே இருந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

மத்தியான வெயிலில் தெரு உண்ட மயக்கத்தில் கிடந்தபோது அவள் சங்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டம் வந்து நின்றது. ஒற்றை விரலால் அடித்தாள். டிஸ்க் ஒருதரம் மூச்சு வாங்கியது. அறை மூலையில் சௌந்திரபாண்டி அதே காக்கிச் சட்டையில், பாதி உடம்பு இங்கேயும் பாதி உடம்பு அங்கேயுமாக, எலும்பும் தோலுமாக வந்து நின்றார். கிணற்றுக்குள் நிற்கிறவர் மாதிரி ஒரு கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு, யார் வந்திருப்பது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“நீயா? எட்டாவதா நீதான் வர்ற, மயிலு.”

“எட்டாவதா?”

“ஏழு தடவை கதவு திறந்துச்சு. முதல்ல குருநாதன். அப்புறம் வாத்தியாரு. அப்படியே ஒவ்வொருத்தரா, தன் பாஸ்வேர்டு மட்டும் போட்டாத் திறக்குதான்னு ரகசியமா அடிச்சுப் பார்க்க, தனித்தனியா வந்தாங்க. கையைக் கொடுங்க, பிடிச்சு ஏறி வந்துருவேன்னேன். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க, உள்ள என்ன பார்த்தேன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“உண்மையைத்தான் சொன்னேன். ஒண்ணும் தெரியலை. ரெண்டு வருஷமும் கேமரா கண்ணை மறைச்சு ஒரு எட்டுக்கால் பூச்சி வலை கட்டியிருக்கு. அவ்வளவு உசரத்துல எவன் ஏறித் துடைப்பான்? காலையில ஒட்டடை வெள்ளையாத் தெரியும், சாயங்காலம் மஞ்சளாத் தெரியும். வேற ஒரு மண்ணும் தெரியலை. சத்தியமாச் சொன்னேன், ஒருத்தனும் நம்பலை. முகத்தை உத்து உத்துப் பார்த்துட்டு, எனக்கு நீட்டின கையை இழுத்துக்கிட்டு மூடிட்டுப் போயிட்டாங்க.”

அவளுக்கும் ஒரு கணம் அந்தக் கேள்வி தொண்டை வரை வந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இரண்டு வருஷத்தில் அவளுக்கும் ஏதோ ஒரு நாள் இருந்திருக்கும், யாருக்குத்தான் இல்லை? அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அந்தக் கேள்வியை விழுங்கினாள். பிறகு இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து, மாட்டுக் கயிற்றை இழுக்கிற வேகத்தில் இழுத்தாள். அவர் அறைக்குள் வந்து விழுந்து, வெகுநேரம் இருமினார்.

அந்த இருமல் டிஸ்குக்கு வெளியே கேட்ட இருமலாக இருந்ததால் தெரு விழித்துக்கொண்டது. கதவைத் திறந்தபோது வாசலில் கூட்டம் நின்றது, முன்வரிசையில் அந்த ஏழு பேரும் நின்றார்கள். யாரும் நலம் கேட்கவில்லை. குருநாதன்தான் அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், “என்னம்மா, எப்படி... உள்ள என்ன பார்த்தாராம்?”

சௌந்திரபாண்டி மறுபடியும் ஒட்டடையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தார். அன்னமயில் அவர் கையை அழுத்தினாள். ஏழு பேரையும் ஒருவர் விடாமல் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் பார்த்திருக்காரு அண்ணாச்சி. ஒண்ணு விடாம பார்த்திருக்காரு. எங்கிட்டயும் சொல்லிட்டாரு.”

தன் ஆயுளில் முதல்முறையாக அந்தத் தெரு, ஒருத்தர் சொன்னதை ஒரு சந்தேகமும் இல்லாமல் அப்படியே நம்பியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. பாதி தூரம் போனதும் சௌந்திரபாண்டி, “ஏன்டி அப்படிப் பொய் சொன்னே?” என்று கேட்டார்.

“பேசாம நடங்க. இத்தனை மாசம் நான் தூங்கலை, இனிமே அவங்க தூங்க வேண்டாம்” என்று சொல்லி, அவள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.